கூடுவிட்டுக் கூடுபாயும் செயலிகள்

இளம் அறிவியல் (கணினி அறிவியல்), மூன்றாம் ஆண்டு

அறிவியல் வளர வளர உலகம் சுருங்கிக்கொண்டே வருகிறது என்று மேடைதோறும் கேட்கிறோம். கேட்டுக் கைதட்டுகிறோம். நானும் அவ்வாறு கைதட்டியவன்தான். ஆனால் சென்ற ஆண்டு ஒரு நாள், கல்வராயன் மலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையே உள்ள தூரம் என் கண்முன்னே நீண்டுபோயிற்று. அது ஏன் என்ற கேள்வி அன்று தொட்டு என் நெஞ்சை விட்டு அகலவில்லை. பேராசிரியர்களைக் கேட்டும், நூலகத்தில் படித்தும் நான் அறிந்துகொண்ட விடையைச் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது என்ன?

எங்கள் ஊர் மலைமேல் இருக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து மேலேறி, வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்தும் உள்ளே நடக்க வேண்டும். நான் கீழே விடுதியில் தங்கிப் படிக்கிறேன். வீட்டில் அப்பா, அம்மா, தங்கை. மூவருக்கும் சேர்த்துக் கைப்பேசி ஒன்றுதான். அதிலும் சிக்னல் வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே உள்ள பாறைமேல் ஏறி நிற்க வேண்டும்.

தங்கை பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருந்தாள். மேற்படிப்புக்கு ஓர் உதவித்தொகை உண்டென்றும், இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டுமென்றும் அறிந்தோம். எந்த அமைப்பு என்பது இங்கே முக்கியமன்று. நான் அவளிடம் சொன்னேன்: "பாறையில சிக்னல் கிடைக்கும்போது போன்ல பாதியைப் போட்டு சேவ் பண்ணி வை. கடைசி நாள் கீழே வந்துடு. மீதியை கம்ப்யூட்டர் சென்டர்ல உட்கார்ந்து முடிச்சிடலாம்." கணினி அறிவியல் படிக்கும் அண்ணன் சொன்னால் தவறாகுமா?

மூன்று மாலைப் பொழுதுகள் அவள் பாறைமேல் அமர்ந்து விண்ணப்பத்தை நிரப்பினாள். ஒவ்வொரு முறையும் "சேமிக்கப்பட்டது" என்று பச்சை எழுத்தில் வந்ததாம். கடைசி நாளன்று சான்றிதழ்க் கோப்போடு முதல் பேருந்தைப் பிடித்துக் கீழே வந்தாள். கைப்பேசியைக் கொண்டுவரவில்லை. மரவள்ளிக் கிழங்கு ஏற்ற வரும் லாரிக்காரர் கூப்பிடுவார் என்று அப்பா அதைக் கையோடு எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போயிருந்தார்.

கணினி மையத்தில் உட்கார்ந்து விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தோம். உள்ளே நுழைய ஓ.டி.பி. எண் கேட்டது. அந்த எண் அப்பாவின் கைப்பேசிக்குப் போகும். அப்பாவோ சிக்னல் இல்லாத காட்டில் இருந்தார். காத்திருந்தோம். மூன்று மணிக்கு மேல் அவர் பாறைப் பக்கம் வந்து எண்ணைப் படித்துச் சொன்னபோது அது காலாவதியாகியிருந்தது. மறுபடி வாங்கி உள்ளே நுழைய நான்கு மணி தாண்டிவிட்டது. நுழைந்து பார்த்தால் முதல் பக்கத்தில் பெயரும் பிறந்த நாளும் மட்டும் இருந்தன. மற்றவை யாவும் வெறுமை.

"அண்ணா, நான் எல்லாம் போட்டேன்ணா. பச்சையா வந்துச்சுண்ணா" என்றாள் தங்கை.

மறுபடியும் அவசர அவசரமாக நிரப்பினோம். ஆனால் வங்கிக் கணக்குப் புத்தகம் வீட்டில் இருந்தது. அதிலுள்ள எண்ணை முன்பே போட்டாயிற்று என்று நம்பி அவள் அதை வைத்துவிட்டு வந்திருந்தாள். மாலை 5 மணிக்கு விண்ணப்பம் மூடப்பட்டது. அவ்வாண்டு அவளுக்கு அந்த உதவித்தொகை கிடைக்கவில்லை.

அன்றிரவு விடுதிக்குத் திரும்பினேன். அறை நண்பன் கைப்பேசியில் பாதி எழுதி வைத்திருந்த குறிப்பை, மடிக்கணினியைத் திறந்து, விட்ட வரியிலிருந்தே தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தான். அவன் எதையும் நகல் எடுக்கவில்லை. யாரையும் எண் கேட்கவில்லை. அவன் எழுத்து ஒரு கருவியிலிருந்து மறு கருவிக்குத் தானாகப் பாய்ந்தது. என் தங்கையின் எழுத்து மட்டும் ஏன் மலையிறங்கவில்லை?

பாய்வது எது?

கூடுவிட்டுக் கூடுபாய்தல் நமக்குப் புதியதன்று. விக்கிரமாதித்தன் கதையில் கேட்டிருக்கிறோம். மாடு மேய்க்கும் மூலன் இறந்துகிடக்க, அவன் உடலில் புகுந்து பசுக்களின் துயர் தீர்த்த யோகியே திருமூலர் ஆனார் என்ற வரலாற்றையும் அறிவோம். இக்கதைகள் யாவற்றிலும் உடல் அங்கேயே கிடக்கிறது. உயிர் மட்டுமே பெயர்கிறது.

செயலிகளிலும் அப்படித்தான். செயலி என்பது உடல். அது கைப்பேசியிலும் இருக்கிறது, மடிக்கணினியிலும் இருக்கிறது. பெயர வேண்டியது அதன் உயிர், அதாவது அந்நேரத்து "நிலை".

வகுப்பறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தமிழாசிரியர் திடீரென விடுப்பில் போகிறார். வேறோர் ஆசிரியர் வகுப்பை ஏற்கிறார். பாடநூல் இருவரிடமும் இருக்கிறது. ஆகவே முதல் ஆசிரியர் பாடநூலைக் கொடுத்தனுப்புவதில்லை. "43ஆம் பக்கம், மூன்றாம் பத்தி வரை முடிந்தது, பயிற்சி வினா கொடுத்திருக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை" என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்பினால் போதும். பாடநூல்தான் செயலி, துண்டுச் சீட்டுத்தான் நிலை. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எதுவரை படித்தாயிற்று, எதை எழுதி முடிக்காமல் விட்டோம் என்ற சிறு செய்திகளின் தொகுப்பே அது.

அச்சீட்டு எவ்வளவு சிறியது தெரியுமா? ஆப்பிள் நிறுவனம் 2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் "ஹேண்ட்ஆஃப்" என்னும் வசதியை அறிவித்தது. ஐபோனில் தொடங்கிய வேலையை மேக் கணினியில் தொடர்வது இதன் பயன். செயலி எழுதுவோர்க்கு அந்நிறுவனம் வழங்கிய வழிகாட்டி, சீட்டை 3 கிலோபைட்டுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று அறிவுறுத்துகிறது. இன்றைய வழக்கமான ஒருங்குறி முறையில் "க" என்ற எழுத்துக்கு 3 பைட் வேண்டும். "கி" என்பதற்கு 6 பைட் வேண்டும். அப்படியானால் ஒரு பக்கத் தமிழ்க் கட்டுரைகூட அதில் முழுதாக அடங்காது! அவ்வளவு சிறிய சீட்டு போவதற்கு மின்னல் வேக இணையம் தேவையில்லை. எங்கள் பாறைமேல் கிடைக்கும் மெல்லிய சிக்னலே போதும். ஆக, சிக்னல் குறைவு மட்டுமே என் தங்கையின் தோல்விக்குக் காரணம் அன்று என்பதை முதலில் தெரிந்துகொண்டேன்.

சீட்டு செல்லும் மூன்று வழிகள்

முதல் வழி, அருகிலுள்ள கருவிக்கு நேரே கொடுப்பது. மேற்சொன்ன ஹேண்ட்ஆஃப் இவ்வகை. கைப்பேசி, மின்செலவு குறைந்த புளூடூத் அலையில் "என்னிடம் ஒரு வேலை பாதியில் நிற்கிறது" என்று மெல்லக் கூவிக்கொண்டே இருக்கும். பக்கத்திலுள்ள மடிக்கணினி அதைக் கேட்டு ஒரு சிறு படத்தைத் திரையில் காட்டும். நாம் அதைத் தொட்டால் சீட்டு கைமாறும். சீனாவின் ஹுவாய் நிறுவனம் 2019இல் அறிவித்த ஹார்மனி ஓ.எஸ். என்ற இயங்குதளமும், பல கருவிகளை ஒரே கருவிபோல் இணைத்து வேலையை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதையே தன் அடிப்படைக் கொள்கையாக வைத்துக்கொண்டது. இவ்வழிக்கு இரு கருவிகளும் ஒருவருடையனவாக, அருகருகே இருக்க வேண்டும்.

இரண்டாம் வழி, நடுவில் ஒரு சர்வரிடம் கொடுத்துவைப்பது. ஊர்ப் பொதுப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டால் எவ்வூரிலிருந்தும் திறந்து எடுக்கலாம். அறை நண்பனின் குறிப்பு பாய்ந்தது இவ்வழியில்தான். அவன் எழுதும் ஒவ்வொரு வரியும் அவ்வப்போதே சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது. கைப்பேசி கிணற்றில் விழுந்தாலும் குறிப்பு பிழைத்திருக்கும்.

மூன்றாம் வழி, பழைய கருவியே புதிய கருவிக்குப் பூட்டிய பெட்டியாக நகல் அனுப்புவது. வாட்ஸ்அப் இதற்குச் சான்று. 2015 ஜனவரியில் வாட்ஸ்அப் வெப் வந்தபோது கணினித் திரை வெறும் நிழல்தான். கைப்பேசியின் சார்ஜ் தீர்ந்தால் கணினியிலும் பேச்சு நின்றுவிடும். 2021இல் இம்முறை மாறியது. ஒவ்வொரு கருவிக்கும் தனித் திறவுகோல் கொடுத்தார்கள். கைப்பேசியோடு மேலும் நான்கு கருவிகளை இணைக்கலாம் என்றார்கள். நம் செய்திகளை நிறுவனமே படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவதால், பழைய உரையாடல்களைச் சர்வரிலிருந்து எடுத்துக் கொடுக்க வழியில்லை. ஆகவே கைப்பேசி தன்னிடமுள்ளதைப் பூட்டிய வடிவில் புதிய கருவிக்கு அனுப்புகிறது. நிழல் தனி உடலானது இவ்வாறே.

இப்போது தங்கையின் விண்ணப்பத்துக்கு வருவோம். பேராசிரியர் ஒருவர் எனக்கு விளக்கியது இது. ஒவ்வோர் உலாவிக்கும் தனக்கென்று ஓர் உள்பெட்டி உண்டு. இணையப் பக்கங்கள் அதில் சிறு குறிப்புகளை வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியை அணைத்தாலும் அக்குறிப்பு அழியாது. ஆனால் அக்கைப்பேசியைத் தாண்டியும் போகாது. தங்கை நிரப்பியதில் முதல் பக்கம் மட்டும் சர்வருக்குப் போயிருக்கிறது. மற்றப் பக்கங்கள் அந்த உள்பெட்டியில் அமர்ந்திருக்கின்றன. "சேமிக்கப்பட்டது" என்ற பச்சை எழுத்து பொய் சொல்லவில்லை. எங்கே சேமிக்கப்பட்டது என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நாங்கள் கீழே கணினிமுன் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் எழுதிய அத்தனையும் அப்பாவின் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தன.

வழி அறுந்தால்?

சர்வரில்தான் வைக்க வேண்டும் என்றால், சிக்னல் இல்லாதபோது என்ன செய்வது? இக்கேள்வியை எழுப்பி விடை கண்டவர்களில் ஒருவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தவர் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. அவர் பெயர் மகாதேவ் சத்தியநாராயணன். அமெரிக்காவின் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1983இல் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே பேராசிரியர் ஆனவர். அவருடைய குழு 1987 முதல் உருவாக்கிய "கோடா" என்ற கோப்பு முறை, இணைப்பு அறுந்த காலத்திலும் வேலை நிற்காமல் நடக்க வழி வகுத்தது.

அதன் முறை மூன்று படிகளைக் கொண்டது. இணைப்பு இருக்கும்போதே தேவையான கோப்புகளைக் கருவியில் திரட்டி வைத்துக்கொள்வது முதற்படி. மழைக்காலத்துக்கு முன் விறகு சேர்ப்பதைப் போன்றது இது. இணைப்பு அறுந்ததும், திரட்டியதைக் கொண்டே வேலையைத் தொடர்ந்து, செய்த மாற்றங்களை வரிசையாகக் குறித்துக்கொள்வது இரண்டாம் படி. இணைப்பு திரும்பியதும் அக்குறிப்பைச் சர்வரிடம் ஒப்படைத்துச் சரிபார்ப்பது மூன்றாம் படி. இன்று நம் கைப்பேசியில் இணையம் இல்லாமலே மின்னஞ்சல் எழுதி வைக்க, அது பிறகு தானே போகிறதல்லவா? இந்த எண்ணத்தின் வழிவந்ததே அது.

அதே சத்தியநாராயணன் 2002இல் இன்டெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மைக்கேல் கோசக் என்பவரோடு சேர்ந்து இன்னொரு கருத்தை வெளியிட்டார். ஓரிடத்தில் கணினியை அப்படியே உறங்க வைத்து, அதன் நிலை முழுவதையும் இணையத்தின் வழியே அனுப்பி, வேறோர் ஊரிலுள்ள கணினியில் அதே நிலையில் விழிக்கச் செய்யலாம் என்பதே அக்கருத்து. கையில் எதையும் சுமக்காமல் பயணம் போகலாம். கோப்புக் கட்டோடு பேருந்தில் வரும் மலைப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கனவு உண்டோ?

இரு உடல், ஓர் உயிர்

மூலன் உடலிலிருந்து மீண்டு தம் பழைய உடலைத் தேடிய யோகிக்கு அது வைத்த இடத்தில் கிடைக்கவில்லை என்பது கதை. செயலிகளுக்கோ வேறு விதமான தொல்லை. பழைய உடலும் உயிரோடு இருக்கும், புதிய உடலும் உயிரோடு இருக்கும். இரண்டும் வெவ்வேறு செய்தி சொன்னால் எதை நம்புவது?

மகளிர் குழு ஒன்றின் கணக்கு இரண்டு கைப்பேசிகளில் இருப்பதாகக் கொள்வோம். இருப்பு 500 ரூபாய். சிக்னல் இல்லாத நேரத்தில் ஒரு குக்கிராமத்தில் ஒருவர் 100 ரூபாய் வரவு வைக்கிறார். அவர் கைப்பேசி 600 என்கிறது. வேறொரு குக்கிராமத்தில் இன்னொருவர் 200 ரூபாய் வரவு வைக்கிறார். அவர் கைப்பேசி 700 என்கிறது. இருவரும் கீழே வந்ததும் "கடைசியாக எழுதியதே சரி" என்று செயலி முடிவு செய்தால் கணக்கு 600 அல்லது 700 ஆகும். உண்மையோ 800. யாரோ ஒருவர் கட்டிய பணம் காணாமல் போயிற்று! இதைத் தவிர்க்க வழி எளியது. மொத்தத்தை அனுப்பாமல் "100 கூட்டு", "200 கூட்டு" என்று செயலை அனுப்ப வேண்டும். எந்த வரிசையில் சேர்த்தாலும் 800 வரும். ஒரே செய்தியை இருமுறை கூட்டிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு மோதாமல் இணையும் தரவு வடிவங்களை மார்க் ஷப்பிரோவும் அவருடைய தோழர்களும் 2011இல் முறைப்படி வகுத்துத் தந்தார்கள்.

"கடைசி" என்பதுகூட எளிய சொல்லன்று. இரு கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால் எது முந்தி, எது பிந்தி? 1978ஆம் ஆண்டிலேயே லெஸ்லி லாம்போர்ட் என்ற அறிஞர் இதற்கு வழி காட்டினார். கடிதத்தில் தேதி தவறாக இருந்தாலும், பதில் கடிதம் முதற்கடிதத்துக்குப் பிந்தியதாகத்தானே இருக்க முடியும்? கடிகாரத்தை விட்டுவிட்டு, எந்தச் செய்தியைப் பெற்றபின் எது நடந்தது என்பதை எண்ணிட்டுக் கொண்டுவந்தால், ஒன்றையொன்று சார்ந்த நிகழ்ச்சிகளின் வரிசை குழம்பாது என்பதே அவர் கண்ட உண்மை.

பாயக் கூடாதவை

எல்லாச் சேவையும் எல்லாக் கருவிக்கும் தங்கு தடையின்றிப் பாய்ந்துவிட்டால் நன்மையா? இல்லை. 2016இல் தொடங்கிய யு.பி.ஐ. பணப் பரிமாற்ற முறையை எண்ணிப் பாருங்கள். அதன் செயலியை முதலில் பதியும்போது நம் கைப்பேசியிலிருந்தே ஒரு குறுஞ்செய்தி போகிறது. இந்த சிம், இந்தக் கைப்பேசி, இந்த வங்கிக் கணக்கு என்ற மூன்றையும் அது முடிச்சுப் போடுகிறது. கைப்பேசியை மாற்றினால் மறுபடி பதிய வேண்டும். சலிப்பாக இருந்தாலும் அது வேண்டுமென்றே வைத்த தடை. இல்லாவிடில் கடவுச்சொல்லைத் திருடியவன் எவ்வூரில் இருந்தும் நம் கணக்கில் கூடுபாய்ந்துவிடுவான்.

எனவே அன்று ஓ.டி.பி. கேட்டதையும் நான் குறை கூற மாட்டேன். ஆள் மாறாட்டத்தைத் தடுப்பதற்கான பூட்டு அது. ஆனால் அந்தப் பூட்டு ஒன்றைத் தன்போக்கில் நம்பிவிட்டது. விண்ணப்பிப்பவர் கையில் கைப்பேசி இருக்கும் என்று அது எண்ணிக்கொண்டது.

ஒருவருக்கு மூன்றா? மூவருக்கு ஒன்றா?

இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் முதன்மையான கருத்து இதுவே. மேலே கண்ட வசதிகள் பலவும் ஒரே படத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அப்படத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். அவரிடம் கைப்பேசி, மடிக்கணினி, கைக்கடிகாரம் என்று மூன்று கருவிகள் இருக்கின்றன. ஒரு கணக்கு, பல கருவி. எங்கள் மலையில் படம் தலைகீழ். மூன்று மனிதர், ஒரு கருவி. அப்பாவுக்கு வியாபாரம், அம்மாவுக்குக் குழுக் கணக்கு, தங்கைக்குப் படிப்பு என மூவரின் வாழ்வும் ஒரே எண்ணில் கட்டப்பட்டிருக்கின்றன. அக்கருவி ஒருவரோடு போனால் மற்ற இருவருக்கும் கதவு அடைபடுகிறது.

நகரத்தாருக்குக் கருவி மாறுவது ஒரு சொகுசு. சோபாவில் படித்ததை மேசையில் தொடர்வது அவர்களுக்குச் சிறு மகிழ்ச்சி. மலைப் பிள்ளைக்கோ கருவி மாறுவது கட்டாயம். தொடங்குவது வீட்டுக் கைப்பேசியில், முடிப்பது ஊரார் கணினியில். ஆகவே இவ்வசதி யாருக்கு மிகுதியும் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிட்டுகிறது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கப்பட்டபோது அலுவலகங்கள் எங்களுக்கு நெருங்கி வந்தன. இணையச் சேவையும் அவ்வாறே நெருங்கி வர வேண்டுமானால், கோபுரங்கள் மட்டும் போதா. சேவையை எழுதுவோரின் மனத்திலுள்ள படமும் மாற வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

நம்மில் பலர் நாளை செயலி எழுதப் போகிறவர்கள். அவர்களுக்கு நான்கு வேண்டுகோள்கள். "சேமிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள்; "இக்கைப்பேசியில் மட்டும் சேமிக்கப்பட்டது", "சர்வரில் சேர்ந்தது" என்று பிரித்து எழுதுங்கள். சிக்னல் இல்லாதபோது எழுதியதைக் கருவியில் வைத்திருந்து, கிடைத்ததும் தானே அனுப்பும்படி செய்யுங்கள். அடையாளம் காட்டக் குறுஞ்செய்தி ஒன்றையே நம்பாமல் மாற்று வழியும் வையுங்கள். எழுதி முடித்த செயலியைக் கல்லூரி ஆய்வகத்தில் மட்டும் சோதிக்காமல், ஒருமுறை வெள்ளிமலைப் பேருந்தில் ஏறிச் சோதித்துப் பாருங்கள்.

மலைக் கிராமங்களிலிருந்து வரும் தம்பி தங்கையருக்கும் சில சொற்கள். முதலில், உங்கள் பெயரில் தனி மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் கணக்கில் இரட்டைப் பாதுகாப்பை ஏற்படுத்தியிருந்தால், 8 இலக்கம் கொண்ட 10 மாற்றுக் குறியெண்களை எடுத்துத் தாளில் எழுதி வைக்கலாம். ஒவ்வொன்றும் ஒருமுறை பயன்படும். சிக்னல் இல்லாவிட்டாலும் பயன்படும். அத்தாளைப் பிறர் காணாமல் காத்துக்கொள்ளுங்கள். 2015 முதல் இயங்கும் டிஜிலாக்கரில் சான்றிதழ்களைச் சேர்த்து வைத்தால், வெளியிட்ட துறையின் பதிவிலிருந்தே அவற்றைப் பெறலாம். ஆனால் அதற்குள் நுழையவும் கைப்பேசிக்கு எண் வரக்கூடும் என்பதை மறவாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதி நிரப்பிய விண்ணப்பத்தை இன்னொரு கருவியில் திறந்து பார்த்த பிறகே அது சேமிக்கப்பட்டதாக நம்புங்கள்.

முடிவுரை

அறிவியல் உலகைச் சுருக்குகிறது என்பது உண்மை. ஆனால் எந்த முனையைப் பிடித்து இழுக்கிறதோ அந்த முனைக்கு மட்டுமே உலகம் அருகில் வருகிறது. மறுமுனையில் நிற்பவனுக்குத் தூரம் குறையவில்லை என்பதை ஒரு மாலைப்பொழுது எனக்குக் கற்றுத் தந்தது. பாடத்தில் "நிலை" என்ற சொல்லைப் படித்துத் தேர்வில் மதிப்பெண் வாங்கியவன் நான். அச்சொல்லின் பொருள் என் தங்கையின் ஓராண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

இவ்வாண்டு அவள் மீண்டும் விண்ணப்பித்திருக்கிறாள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எல்லா எண்களையும் முதலில் எழுதிக்கொண்டாள். கைப்பேசியையும் கணக்குப் புத்தகத்தையும் கையோடு கொண்டுவந்தாள். கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பே வந்தாள். நிரப்பியதை வேறு ஒரு கணினியில் திறந்து காட்டச் சொன்னாள். நான் காட்டிய பிறகுதான் எழுந்தாள். "இப்ப நம்பலாமாண்ணா?" என்று கேட்டாள். நம்பலாம் என்றேன். முடிவு இன்னும் வரவில்லை.

அவள் கேட்ட அந்தக் கேள்விக்குத் திரையே நேர்மையாக விடை சொல்லும்படி செயலிகளை எழுதுவது நம் தலைமுறையின் கடமை. அக்கடமையைக் கள்ளக்குறிச்சியிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் வருகின்ற நாமே தொடங்கி வைப்போமாக!